வெளியே காத்திருந்தவள்

கண்காட்சிக் கூடத்தில் ஒன்பதாம் எண் போட்ட ஹெட்போனை எடுத்து மாட்டியதும் பியானோ காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்கள். "ஸ்ஸ்." சூடு பட்ட விரலை உதறும்போது வருமே, அந்தச் சத்தம். உடனே மரத்தில் ஒரு தட்டு. டொக். பியானோ நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அவளுக்குப் பிழைப்பே காதுதான். ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிறவள். இருபது வருஷமாகக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியவர்கள் எந்தச் சத்தத்துக்குக் கை தூக்குகிறார்கள், எதற்குத் தூக்கவில்லை, எதற்குக் கேட்காமலே கேட்ட மாதிரி நடிக்கிறார்கள் என்று குறித்துக் கொடுக்கிற வேலை. சேர்ந்த புதிதிலேயே, பொய்யாகக் கை தூக்குகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். டாக்டர்கூட ஆச்சரியப்படுவார். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அந்த "ஸ்ஸ்" சிட்டுவினுடையது. அவளுடைய தங்கை. ஒன்பது வயதில் காணாமல் போனவள். முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

ஹெட்போனுக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைப் படித்தாள். 'வாத்தியாரின் கடைசி மாதம். தனிமையில் பயிற்சி.' கீழே வருஷம் போட்டிருந்தது. சிட்டு காணாமல் போனதற்கு எட்டு வருஷம் பிந்திய வருஷம். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாட்டில் வலது கை மெதுவாக ஏறி வரும், இடது கை அதைத் தாண்டிக் குதித்து மேலே போக வேண்டிய இடம் ஒன்று உண்டு, அங்கே சிட்டுவுக்குச் சுண்டுவிரல் எட்டாது, பக்கத்துக் கட்டையில் போய் விழும். விழுந்தது. "ஸ்ஸ்." டொக். முதலிலிருந்து.

அந்த ஊர் வாத்தியாரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஊர். பின்னே, சும்மாவா? எத்தனையோ தேசங்களில் போய்ப் பியானோ வாசித்துவிட்டு, பெட்டி நிறைய மெடலோடு திரும்பி வந்து, சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். அன்றைய பாடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு தடவை தப்பில்லாமல் வாசித்தால் கதவு திறக்கும். தப்பு வந்தால் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். அடிஸ்கேலால் பியானோ மரத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான், முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரமானாலும் சரி, நாலு மணி நேரமானாலும் சரி. பெற்றவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். "அந்தக் கதவத் தாண்டி வந்த பிள்ளை எங்க போனாலும் ஜெயிக்கும்" என்று அவள் அப்பாவும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார்.

கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. வீட்டு ஆள் ஒருத்தர் அதில் காத்திருக்க வேண்டும் என்பதும் வாத்தியார் போட்ட சட்டம்தான். சிட்டுவுக்காகக் காத்திருப்பது இவள் வேலை. உள்ளேயிருந்து நடுநடுவே "அக்கா, இருக்கியா?" என்று கத்துவாள். "இருக்கேன்டி, வாசி" என்று இவள் பதில் கொடுக்க வேண்டும். பதினாலு வயதில் அதைவிடக் கழுத்தறுப்பு உண்டா?

ஒரு நாள் காத்திருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் கூடப் படிக்கிறவள் வீட்டில் புதுசாக டிவி வாங்கியிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று போனவள் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமில்லை. சரி, கிளம்பியிருப்பாள் என்று வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் சிட்டு இல்லை. அப்பா கேட்டார். அடிக்குப் பயந்து வாய் கூசாமல் சொன்னாள்: "வெளியதாம்பா உக்காந்திருந்தேன். கதவத் திறந்து வந்தா. எனக்கு முன்னாடி ஓடிட்டா."

வாத்தியாரும் அதையேதான் சொன்னார். பிள்ளை வாசித்து முடித்தது, திறந்துவிட்டேன், போய்விட்டது. அவர் வார்த்தைக்கு இவள் சாட்சி. போலீஸ் ஆற்றங்கரையைத் தேடியது, பஸ் நிலையத்தைத் தேடியது, பாழுங்கிணறுகளில் ஆள் இறக்கியது. வாத்தியார் வீட்டை மட்டும் யாரும் தேடவில்லை. மறுநாள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். மறுநாள் அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்ததும் சொல்லாமலே விட்டுவிட்டாள். அப்புறம் அடுத்த வாரம். அப்புறம் அடுத்த வருஷம். அப்பா போய்ச் சேர்ந்தார். பொய் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

இன்றைக்கும் இந்த வாத்தியார் கண்காட்சிக்கு அவளாக ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். அம்மாதான் நச்சரித்து அனுப்பினாள். "அங்க பழைய போட்டோ எல்லாம் வெச்சிருக்காங்களாம். சிட்டு எதுலயாவது இருக்காளான்னு பாத்துட்டு வா. நம்மகிட்ட அவ போட்டோ ரெண்டே ரெண்டுதான் இருக்கு."

கண்காட்சிப் பொறுப்பாளர் சின்ன வயசுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாவிக்கொத்து, பேசுவதற்கு முன்னாலேயே ஒரு சிரிப்பு.

"இந்த டேப்ல வேற யாரோ இருக்காங்க" என்றாள் இவள்.

"இல்லையே மேடம். கடைசி மாசம் அவர் யாரையும் வீட்டுக்குள்ள விடல. தனியா வாசிச்சுத் தானே ரெக்கார்ட் பண்ணினார்."

"ரெண்டு கையும் கட்டையில இருக்கு. நல்லாக் கேளுங்க. அப்ப மரத்துல தட்டுறது எந்தக் கை?"

அந்தப் பெண் ஹெட்போனை வாங்கி வைத்து, தலையை மெல்ல ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "எவ்வளவு அழகா வாசிக்கிறார்! எனக்குப் பியானோ மட்டுந்தான் மேடம் கேக்குது. நீளமான டேப்பு. உண்மையைச் சொல்லணும்னா நாங்களே இதை முழுசாக் கேட்டதில்ல."

அவள் முகத்தில் பொய் இல்லை.

திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒரே துண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறதோ என்று ஒரு நப்பாசை. இல்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சு வேறு. ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஒரு தடவை வறண்ட தொண்டையில் எச்சில் விழுங்கிக்கொண்டு. ஒரு தடவை விரல்கள் கட்டையில் வழுக்கின, வியர்வையில் நனைந்த விரல் வழுக்குகிற சத்தம் வேறு, அதை அவள் காது விடுமா? பதினேழு தடவை எண்ணினாள். பதினேழு தடவையும் அதே இடம், அதே கட்டை, அதே தட்டு.

"மேடம், போட்டோ கேட்டீங்களே" என்று பொறுப்பாளர் பெண் தோளைத் தொட்டபோது உயிர் போய் உயிர் வந்தது.

பக்கத்துச் சுவரில் வருஷவாரியாக மாணவர்களின் குரூப் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாம் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் எடுத்தவை. நடுவில் அவர், கறுப்புக் கோட்டு. பின்னால் அந்தக் கதவும் பெஞ்சும். முதல் படத்திலேயே சிட்டு இருந்தாள். முன்வரிசை ஓரத்தில், முன்பல் ஒன்று விழுந்த வாயை இறுக்க மூடிக்கொண்டு. இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. படத்தின் பின்பக்கம், பெஞ்சில், மடியில் புத்தகப் பையோடு யூனிஃபார்ம் போட்ட ஒருத்தி மசங்கலாக உட்கார்ந்திருந்தாள். அது இவள்தான். அன்றைக்கு "நீ நகரு, போட்டோல விழற" என்று அதட்டினார்கள், வீம்புக்கு நகராமல் இருந்தாள். ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருஷத்துப் படம். சிட்டு இல்லை. பெஞ்சில் ஒருத்தி. மடியில் பை.

அதற்கடுத்த வருஷம். பிள்ளைகள் வேறு, வாத்தியாருக்கு முடி நரைத்திருந்தது. பெஞ்சில் ஒருத்தி. அதே யூனிஃபார்ம்.

"எல்லாப் படத்துலயும் இந்தப் பொண்ணு இருக்கா மேடம்" என்று சிரித்தாள் பொறுப்பாளர். "வளரவே இல்ல பாருங்க! அக்கா தங்கச்சி மாறி மாறி வந்திருப்பாங்கன்னு நினைக்கிறோம். பேரு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க, கீழ எழுதி ஒட்டிடறோம்."

எட்டுப் படங்கள். எட்டிலும் பெஞ்சு. அவள் மூக்கு கண்ணாடியில் இடிக்கிற வரை குனிந்து பார்த்தாள். முகம் கலங்கல்தான். ஆனால் இடது கால் செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது எல்லாவற்றிலும் தெரிந்தது. அவளே குத்திய ஊக்கு.

கைப்பைக்குள் போன் அடித்தது. அம்மா.

"இருக்காளா?"

"இருக்காம்மா. ஒரு படத்துல."

"சிரிக்கிறாளா?"

"பல்லு விழுந்திருந்துச்சில்ல. வாயை மூடியிருக்கா."

பிறகு, எத்தனையோ வருஷமாகக் கேட்கிற அதே கேள்வி. "அவ வெளிய வந்தப்போ அழுதுட்டு வந்தாளா, சிரிச்சிட்டு வந்தாளா? நீதானே கடைசியாப் பாத்த."

"அம்மா..." என்றாள். இப்போது சொல்லிவிடு. இப்போதாவது சொல்லித் தொலை. "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டாள். தன்மேல் அவளுக்கே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

மூடும் மணி அடித்தார்கள். வந்திருந்த நாலைந்து பேரும் வெளியே நடந்தார்கள், அவர்கள் பேச்சுச் சத்தமும் செருப்புச் சத்தமும் படியிறங்கித் தேய்ந்தன. பொறுப்பாளர் பெண் அந்தக் கோடியில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டுக்கொண்டிருந்தாள். இவள் ஹெட்போனை அதன் கொக்கியில் மாட்டினாள். நேராக மாட்டினாள். கையை எடுத்தாள்.

பியானோ நிற்கவில்லை.

மெலிதாகத்தான். சுவருக்குப் பின்னால் மூட்டை கட்டி வைத்த மாதிரி. வாத்தியாரின் பியானோ கூடத்தின் நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள், மூடி பூட்டி, அசையாமல் நின்றது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், எந்தக் காதில் முதலில் விழுகிறது என்று. கூடத்தின் அடுத்த கோடி.

அங்கே, கயிறு கட்டி, வாத்தியார் வீட்டுக் கதவை நிலையோடு பெயர்த்துக்கொண்டு வந்து சுவரில் பதித்திருந்தார்கள். பக்கத்தில் பெஞ்சு. காலி.

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டாள். குரல் கூடத்தில் எதிரொலித்தது.

"வெறும் செவுரு மேடம். அதுக்கு அந்தாண்ட ரோடு" என்று ஜன்னல் பக்கமிருந்து பதில் வந்தது. "பாத்துட்டு வாங்க, நான் கீழ பூட்டிட்டு வந்துடறேன்." சாவிக்கொத்து படியிறங்கிப் போயிற்று.

கயிற்றைத் தாண்டினாள். கதவில் புதுசாக வார்னிஷ் அடித்திருந்தார்கள், அந்த நெடி மூக்கில் ஏறியது, அதற்கு அடியில் வேறொரு வாடை, வியர்த்த பிள்ளைத் தலையின் வாடை, அதற்கும் அடியில், அடக்கி அடக்கி முடியாமல் போன ஒரு பிள்ளையின் மூத்திர வாடை. காதைக் கதவில் வைத்தாள். மரம் அதிர்ந்தது. கன்னத்தில் அதிர்ந்தது. "ஸ்ஸ்." டொக்.

"சிட்டு?"

பியானோ நின்றது.

"யாரு?" என்றது உள்ளே ஒரு சின்னக் குரல்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "அக்காடி. என் தங்கமே. அக்கா வந்திருக்கேன்டி."

"அக்கா குரல் இப்படி இருக்காது."

"நான்தான்டி. கதவத் திற."

"பூட்டியிருக்கு. தப்பில்லாம வாசிச்சாத்தான் திறக்கும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கை வலிக்குது. இன்னும் சாயங்காலம் ஆகலையா?"

அவள் புறங்கையைக் கடித்துக்கொண்டாள். அழுகை வெளியே வந்தால் பிள்ளை பயந்துவிடும். முப்பத்தொரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது இப்போது தானாகவே வந்தது. "அக்கா அன்னைக்கு இங்க இல்லடி. டிவி பாக்கப் போயிட்டேன். நீ வெளிய வந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். அதான் யாரும் உன்னைத் தேடி உள்ள வரல. அக்கா பாவிடி. என்ன மன்னிச்சிடு."

உள்ளேயிருந்து சிட்டு, பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்:

"அக்கா போகவே இல்லையே. வெளியதான் இருக்கா. நான் கூப்பிட்டப்பெல்லாம் பதில் சொல்றா. நீங்க வேணும்னாப் பாருங்க." குரலை உயர்த்தினாள். "அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி, வாசி."

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு கை தூரத்தில். அலுப்பான குரல். பதினாலு வயதுக் குரல். அவளுடையது.

திரும்பவில்லை. பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பக் கூடாது. திரும்பினால் எழுந்து ஓடிவிடுவாள், அவளுக்கே தெரியும், ஓடிப் பழகியவள். இன்றைக்கு ஓடக் கூடாது.

கதவில் வாயை வைத்தாள். "சிட்டு. நான் சொல்றதக் கேளு. கை தாண்டுற இடத்துல சுண்டுவிரல் வேணாம். மோதிர விரல வை. உடம்பக் கொஞ்சம் சாச்சுக்கோ. எட்டும். கண்டிப்பா எட்டும்."

"வாத்தியார் சுண்டுவிரல்தான் சொன்னார்."

"வாத்தியார் கெடக்கிறார். நான் சொல்ற மாதிரி வாசி. உன் காலில் விழறேன்."

பியானோ ஆரம்பித்தது. மெதுவாக. வலது கை ஏறியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏறியது. இடது கை குதித்தது.

விழுந்தது. சரியான கட்டையில்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இடத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. போயிற்று. ஒரு வரி. இன்னொரு வரி. தட்டு விழவில்லை. பின்னால் பெஞ்சில் இருந்தது மூச்சு விடவில்லை. அது மூச்சே விடவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. கடைசி வரி. கடைசிக் கட்டை. அதிர்ந்து, அடங்கி, நின்றது.

பூட்டுக்குள் சாவி திரும்பியது.

கதவு நாலு விரல்கடை திறந்தது. உள்ளே சுவர் இல்லை. ரோடும் இல்லை. இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. நகங்கள் தேய்ந்து, விரல்நுனி ஐந்தும் வெந்த மாதிரி வெளுத்திருந்தன. காற்றில் துழாவியது. அக்காவின் கையைத் தேடித் துழாவியது.

அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வாடி. வந்துடு. வீட்டுக்குப் போகலாம். அம்மா இருக்காடி, அம்மா இன்னும் இருக்கா."

சின்னக் கை அவள் கையைத் தடவிப் பார்த்தது. புடைத்த நரம்பை. மோதிரத்தை. சுருங்கிய தோலை. தடவிக்கொண்டே வந்து நின்றது.

"இது அக்கா கை இல்ல" என்றது சிட்டுவின் குரல், நடுங்கிக்கொண்டு. "அக்கா! அக்கா, இது யாரு?"

"யாரோ ஒரு அம்மா" என்றது பெஞ்சு. "எனக்குத் தெரியாது. நீ கதவச் சாத்திக்கோ. முதல்லேருந்து வாசி."

"இல்ல! சிட்டு, இல்ல, அது நான் இல்ல, அது..." பிடித்திருந்த கை வழுக்கியது. வியர்வை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளே பிள்ளை வீறிட்டாள், பிள்ளை பிடிக்கிறவனிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை வீறிடுகிற மாதிரி, அந்தச் சத்தம் தாங்காமல் அவள் கை தானாக விட்டுவிட்டது. ஒரு நொடிதான். கதவு சாத்திக்கொண்டது. சிட்டுவே சாத்திக்கொண்டாள். சாவி திரும்பியது.

தட்டினாள். குத்தினாள். தலையால் முட்டினாள். கதவுக்குப் பின்னால் செங்கல் சுவரின் கெட்டியான சத்தம். வெறும் சுவர். அதற்குள் எங்கேயோ ஆழத்தில் பியானோ ஆரம்பித்தது. முதலிலிருந்து.

அப்போதுதான் திரும்பினாள்.

யூனிஃபார்ம். பின்னிய தலை. மடியில் பை. சேர்த்து வைத்த முழங்கால்கள். அவள் முகமேதான், பருவோடு, மூக்கில் வடுவோடு. கோபம் இல்லை, அழுகை இல்லை. வேலையாக உட்கார்ந்திருக்கிற முகம். கண்கள் அவளைப் பார்த்தன. இமைக்கவில்லை.

பெஞ்சில் இருந்தவள் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள்.